தங்கச்சி முறை

அரியலூரில் அய்யாக்கண்ணுவுக்கு எத்தனை தங்கச்சி என்று எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு. ரயிலடிக்குப் பக்கத்தில் டாக்டர் செல்லதுரை ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். அங்கே ரத்தம் போதாமல் கிடக்கிறவர்களுக்கு இவன் தன் கையிலிருந்து ரத்தம் கொடுத்துவிட்டு வருவான். ஆணுக்குக் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும், "என்னடா, இன்னொரு தங்கச்சியா?" என்பார்கள். "ஆமாண்ணே, இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே மாட்டை அவிழ்ப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கேலி பிறந்த இடத்தில் நானும் நின்றிருந்தேன்.

நானும் அவனும் ஒன்றாக வண்டி ஓட்டியவர்கள். அவனுக்குக் கொஞ்சம் கரிசல் காடு, ஒரு ஜோடி மாடு, பச்சையம்மாள் என்று ஒரு தாயார். அப்பா இல்லை. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் போடுவான். காட்டில் வேலை இல்லாத நாளில் இருவரும் ஊரார் கடலை மூட்டைகளை அரியலூர் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போவோம். மனிதர்களிடம் பேச்சு குறைவு. மாடுகளிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவான்.

அவன் அத்தை கிருஷ்ணம்மாளை உள்ளூரிலேயே அமிர்தலிங்கத்துக்குக் கொடுத்திருந்தது. அவர்களுக்கு ஒரே பெண், கமலவேணி. கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அத்தை மகள் என்றால் உரிமைப் பெண். அவள் தொட்டிலில் கிடந்தபோதே இவனுக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கோ வாய் நீளம். "மாட்டுக்கிட்ட பேசுறதுல பாதி என்கிட்ட பேசுனா கொறைஞ்சா போயிடுவ மாமா?" என்று தெருவில் வைத்தே கேட்பாள். இவன் காது சிவந்து போகும்.

நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் பரிசம் போட்டார்கள். வைகாசியில் கல்யாணம். சண்டைக் காலம் அது, துணிக்கு ரேஷன். கட்டுகிற வேட்டிக்கே திண்டாட்டம், இதில் பட்டுக்கு எங்கே போவது? அய்யாக்கண்ணு ஜெயங்கொண்டத்தில் ஒரு நெசவாளர் வீட்டைப் பிடித்தான். போகும்போதெல்லாம் அவருக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டு, வைக்கோல் போட்டு, நயந்து பேசி, அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த நூலில் அரக்குக் கலரில், தாலி கட்டும்போது உடுத்த ஒரு கூறைச்சேலை நெய்து வாங்கிவிட்டான். அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"கலரு என்னன்னாவது சொல்லேன் மாமா" என்று கமலவேணி அவனைத் துளைத்தெடுத்தாள்.

"கட்டிக்கிறப்ப பாத்துக்க" என்றான்.

மாசியில் சோளத்தட்டை அறுக்கும்போது அரிவாள் நழுவி அவள் தொடையில் ஆழமாக இறங்கிவிட்டது. அவளுடைய சேலையாலேயே இறுக்கிக் கட்டி, வண்டியில் போட்டு, அரியலூருக்கு ஓட்டினோம். அய்யாக்கண்ணு மாடுகளை அடிக்காதவன். அன்று அடித்தான். அமிர்தலிங்கமும் கிருஷ்ணம்மாளும் மகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூடவே அமிர்தலிங்கத்தின் அண்ணனும் வந்தார். அவர் பெயர் ஆண்டவர். ஊரில் ஒரு மாடு தொலைந்தாலும், ஒரு முறை தவறினாலும், தீர்ப்பு அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

டாக்டர் செல்லதுரை பட்டாளத்தில் இருந்தவர். பர்மா எல்லையில் காலில் அடிபட்டுத் திரும்பி வந்து, கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். காயத்தைத் தைத்து முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"ரத்தம் ரொம்ப போயிட்டுது. இன்னொருத்தர்கிட்டேருந்து எடுத்து இவளுக்கு ஏத்தணும். இல்லன்னா தாங்க மாட்டா" என்றார்.

எங்களுக்கு இது புதுக் கதையாக இருந்தது. பட்டாளத்தில் நாள் தவறாமல் செய்தது, கொடுத்தவன் பிழைத்துத்தான் இருக்கிறான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். எல்லோர் ரத்தமும் எல்லோருக்கும் சேராதாம். விரலில் குத்திச் சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தார். அமிர்தலிங்கத்தின் ரத்தம் சேரவில்லை. என்னுடையதும் சேரவில்லை. கிருஷ்ணம்மாள் அதற்குள் மயங்கி விழுந்திருந்தாள். அடுத்தது ஆண்டவர். அவர் ஊசியைப் பார்த்தார். "வெத்தலையத் துப்பிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனவர் புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அய்யாக்கண்ணு விரலை நீட்டினான். அவன் ரத்தம் சேர்ந்தது.

அது தெரிந்த பிறகுதான் ஆண்டவர் உள்ளே வந்தார். வந்தவர் சும்மா நிற்கலாம் அல்லவா? ஓடிப்போன மனுஷருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"இவன் குடுக்கக் கூடாதே" என்றார். "டாக்டரு சொல்றது அவரு படிப்பு. நமக்குன்னு மொறை இருக்குதுல்ல. இவன் ரத்தம் அவ ஒடம்புல ஓடுனா ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி ஆயிடும். தங்கச்சி மொறை. அப்பறம் எப்புடித் தாலி கட்டறது?"

"எந்த ஊரு நியாயம்யா இது? பொண்ணு செத்துக்கிட்டிருக்கா" என்றார் டாக்டர்.

"குடுக்க வேணாம்ங்கல. குடுத்தா இதுதான்னு சொல்றேன். அய்யாக்கண்ணு, எல்லாரு முன்னாடியும் ஒத்துக்கிட்டுக் குடு."

அமிர்தலிங்கம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாதவர். அய்யாக்கண்ணு கமலவேணியைப் பார்த்தான். அவள் உதடு காய்ந்த வெற்றிலை போல வெளுத்துக் கிடந்தது. அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினான்.

"அவ இருந்தாப் போதும் மாமா. தங்கச்சியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து பெஞ்சில் படுத்துக்கொண்டான்.

அவள் பிழைத்தாள். நடமாட ஆரம்பித்ததும் அவளுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அன்றைக்கே களத்துமேட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். நானும் அவனும் கடலைக்கொடி அடித்துக்கொண்டிருந்தோம். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்னைக் கேட்டியா?" என்றாள்.

அவன் கொடியை அடித்துக்கொண்டே இருந்தான்.

"என் ஒடம்பு. என் கல்யாணம். என்னைக் கேட்டியா மாமா நீ?"

"நீ நெனப்பில்லாம கெடந்த. எப்புடிக் கேக்கறது?"

"கெடந்தா என்ன? செத்தா மாமன் பொண்டாட்டியா செத்திருப்பேன்ல. இப்ப உசுரோட இருந்து ஒனக்குத் தங்கச்சியா இருக்கச் சொல்றியா?"

அவன் கொடியைப் போட்டுவிட்டு, "எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன் கமலம்" என்றான். இவன் ஒரு வார்த்தை, "சொன்னது இருக்கட்டும், இப்போ கட்டிக்கிறேன், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தால் நான் அவன் பக்கம் நின்றிருப்பேன். கேட்கவில்லையே. வாக்கு கொடுத்துவிட்டானாம். ஊசிக்குப் பயந்து ஓடினவருக்குக் கொடுத்த வாக்கு.

அன்றிலிருந்து கமலவேணி அவனை மாமா என்று கூப்பிடுவதை விட்டாள். அண்ணன் என்றும் கூப்பிடவில்லை. ஊர் மட்டும் முறையைக் கச்சிதமாக மாற்றிக்கொண்டது. ஆண்டவரை இவன் இனிமேல் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அத்தையை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அத்தை என்று கூப்பிடக் கூடாது, அம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை. எதுவும் கூப்பிடாமலே அவளிடம் பேசப் பழகினான்.

மறு வருஷம் ரஞ்சன்குடிப் பக்கத்தில் அரங்கநாதன் என்ற பையனுக்கு அவளைக் கொடுத்தார்கள். நல்ல பையன்தான். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. கல்யாணத்தில் மாப்பிள்ளை காலைக் கழுவி விரலில் மோதிரம் போடுவது பெண்ணின் கூடப் பிறந்தவன் வேலை. அய்யாக்கண்ணுவைத்தான் கூப்பிட்டார்கள். அவன் குனிந்து காலைக் கழுவினான். மணையில் உட்கார்ந்திருந்த கமலவேணி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பந்தலை விட்டு எழுந்து போய்விட்டேன்.

பிறகு பொங்கலுக்குப் பொங்கல் அவன் சீர் கொண்டு போனான். புதுப்பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி. பெரம்பலூர் தாண்டி ரஞ்சன்குடிக்கு வண்டியில் போய் இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவான். வழியில் சிறுவாச்சூரில் மாட்டை அவிழ்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பச்சையம்மாள் எத்தனையோ பெண் பார்த்தாள். பேச்சை எடுத்தாலே அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். "அந்தச் சேலையையாவது யாருக்காவது குடுத்துத் தொலைடா" என்பாள். அவன் பெட்டியை இன்னும் உள்ளே தள்ளி வைப்பான்.

இந்த நாளில்தான் டாக்டர் அவனைக் கூப்பிட ஆரம்பித்தார். அரியலூரில் அவர் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கேட்டால் நோயாளியின் சொந்த மகனே பின்வாசல் வழியாக ஓடிவிடுவான். இவன் ஸ்டேஷனில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது கம்பவுண்டர் வந்து நிற்பார். இவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். சேர்ந்தால் கொடுப்பான், சேராவிட்டால் முகம் தொங்கிப்போய் வருவான். இன்ன சாதி, இன்ன ஊர் என்று கேட்டதில்லை. ஒரு தடவை கொடுத்தால் மூன்று மாதமாவது சும்மா இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இவன் அவசரம் என்று போய் நின்றால் அவரே விரட்டிவிடுவார்.

"ஒனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று நான் ஒருநாள் சண்டை போட்டேன்.

"கமலத்துக்கு ஏத்துனப்ப அவ ஒதட்டுல கலரு வந்ததப் பக்கத்துல படுத்துப் பாத்தேன்டா" என்றான். "வேற யாருக்கு ஏத்துனாலும் அதே மாதிரிதான் வருது. நான் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்."

அதற்குப் பிறகு நான் அவனோடு இதைப் பற்றிச் சண்டை போடவில்லை.

நாற்பத்தொன்பதில் கமலவேணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. சுகமாகத்தான் பிறந்தது. குழந்தையைப் பார்க்க அரங்கநாதனும் அவன் அம்மா பாப்பாத்தியும் வந்திருந்தார்கள். அன்று மத்தியானம், சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. மருத்துவச்சி என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். மறுபடி அதே வண்டி, அதே பாதை, அதே ஆஸ்பத்திரி. கிருஷ்ணம்மாள் குழந்தையோடு வீட்டில் நின்றுவிட்டாள்; ஆண்டவரும் மாப்பிள்ளை வீட்டாரும் கூட வந்தார்கள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்.

"போன வாரம்தானேய்யா குடுத்த?" என்றார்.

ஆமாம், போன வாரம்தான். ரயில்வே கேங்கில் வேலை செய்த ஒருவன் பெண்டாட்டிக்கு. அவள் பிழைத்து, முந்தின நாள்தான் நடந்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

"எடுங்க சார்" என்றான்.

"எடுத்தா நீ விழுந்துடுவ."

"விழறேன் சார்."

டாக்டர் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, அரை பாட்டில் மட்டும் எடுத்தார். அதற்கே அவனால் எழுந்திருக்க முடியவில்லை. பழைய பெஞ்சிலேயே கிடந்தான். இது காணாது, உடனே இன்னொருவர் வேண்டும் என்று டாக்டர் வெளியே வந்து அரங்கநாதன் விரலில் குத்திப் பார்த்தார். சேர்ந்தது. அமிர்தலிங்கம் அந்த இடத்திலேயே டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அரங்கநாதன் சட்டையைக் கழற்றப் போனான். பாப்பாத்தி அவன் கையைப் பிடித்தாள்.

"இரு. எங்க போற? நீ குடுத்தா அவ ஒனக்கு யாரு? தங்கச்சி மொறை ஆயிடுவா. அந்தப் புள்ளைக்கு நீ அப்பனா, மாமனா?"

நான் அவளை அடிக்கப் போனேன் என்றே சொல்ல வேண்டும். அமிர்தலிங்கம் பிடித்துக்கொண்டார். டாக்டர் கத்தினார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. "நான் சொன்னதா இது? ஒங்க வூட்டுப் பெரியவரு கட்டுன மொறைதானே? அதனாலதானே அந்தப் பையன் கட்டிக்க வேண்டியவளை எங்களுக்குக் குடுத்தீங்க?" என்றாள். எல்லோரும் ஆண்டவரைப் பார்த்தோம்.

அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. மெதுவாக வந்து பாப்பாத்தியின் காலடியில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அது மொறையே இல்லம்மா. நான் அன்னைக்குச் சொன்னது பொய். ஊசியப் பாத்து ஓடுனவன், ஓடுனத மறைக்க ஒரு நியாயத்தச் சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. ஒம் மவன விடும்மா."

ஒரு கிழவர் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா இத்தனையும்? ஆனால் பாப்பாத்தி விட்ட பாடில்லை.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா, எனக்கு எப்புடித் தெரியும்? அவன அண்ணன்னு சொல்லித்தானே எங்க வூட்டுக்கு அனுப்புனீங்க. அது பொய்யின்னா, பொங்கலுக்குப் பொங்கல் எங்க வூட்டுப் படியேறி வந்தவன் யாரு?"

அரங்கநாதன் அவிழ்த்த பொத்தானைத் திரும்பவும் போட ஆரம்பித்தான். ஆண்டவர் எழுந்தார். "என்னுது சேருமான்னு பாருங்க" என்று டாக்டர் முன்னால் விரலை நீட்டினார். ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சேருது" என்றார்.

சேர்ந்தது. நாற்பத்தைந்தில் வெற்றிலை துப்பப் போகாமல் அந்த விரலை நீட்டியிருந்தால் அன்றைக்கும் சேர்ந்திருக்கும். வைகாசியில் கல்யாணம் நடந்திருக்கும். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

வயதான உடம்பு, நரம்பு சரியாக அகப்படவில்லை. ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் உள்ளே போய் அய்யாக்கண்ணு பக்கத்தில் நின்றேன். அவனுடைய அரை பாட்டில் ஏறியதில் கமலவேணிக்கு நினைவு திரும்பியிருந்தது. உதட்டில் லேசாகக் கலர் வந்திருந்தது. தலையைத் திருப்பி, பக்கத்து பெஞ்சில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"மாமா" என்றாள்.

நான்கு வருஷமாக அவள் சொல்லாத சொல். அவன் எழப் பார்த்தான், முடியவில்லை.

"இப்பவும் என்னைக் கேக்கல நீ" என்றாள். கோபமில்லை. பழைய கேலிதான்.

"கேட்டா வேணாம்பே."

"சொல்ல மாட்டேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அது என்ன கலரு மாமா?" என்று கேட்டாள்.

"அரக்கு."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அந்த உதட்டைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வந்த கலர் போவதையும் அவன்தான் முதலில் பார்த்தான். ஆண்டவரின் பாட்டில் பாதிகூட நிரம்பவில்லை.

ஊருக்குக் கொண்டு வந்து கிடத்தினோம். புருஷன் இருக்கப் போனவள். மஞ்சள் பூசி, பூ வைத்து, பிறந்த வீட்டுக் கோடித்துணியைப் போர்த்தித்தான் எடுக்க வேண்டும். கோடி போட வேண்டியது கூடப் பிறந்தவன். ஊர் அவனைத் தேடியது. அது பொய் என்று ஆண்டவர் வாயாலேயே கேட்டவர்கள்கூட, "அய்யாக்கண்ணு எங்கப்பா, அண்ணன்காரன் கோடி கொண்டாரணுமே" என்றார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கையில் துணியில் சுற்றிய பொட்டலம். பிரித்து, மடிப்பு உடையாத அரக்குப் பட்டுச்சேலையை அவள்மேல் விரித்துப் போர்த்தினான். முந்தானையை எடுத்து அவள் தோளில் சரியாகப் போட்டான்.

"அண்ணன் பட்டுலேயே கோடி போட்டுட்டான் பாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

தலைமாட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மாள் அந்தச் சரிகையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவனுக்கும், பின்னால் நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி, "இது கூறைடா" என்றாள்.

"ஆமா அத்தே" என்றான் அவன்.